பொது நிர்வாகத்தில் முதுகலை: இப்போது பட்டம் முடித்தவருக்கு எது, பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு எது? (காரைக்குடி – தேவகோட்டை வட்டாரம்)

செக்காலை ரோடு எழுதியது:

வணக்கம். நம்ம பக்கத்தில் இரண்டு விதமான ஆட்கள் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஒருத்தர் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். என்று ஏதோ ஒன்றை இந்த வருஷம் முடித்தவர். இன்னொருத்தர் ஒன்றிய அலுவலகம், தாலுகா ஆபீஸ், கூட்டுறவு வங்கி, தொண்டு நிறுவனம் என்று எங்கேயோ எட்டுப் பத்து வருஷம் வேலை பார்த்தவர். இரண்டு பேருக்கும் பொது நிர்வாகத்தில் எம்.ஏ. படிக்க ஆசை. எங்கே சேருவது, ரெகுலரா தொலைநிலையா, சான்றிதழ் செல்லுமா என்று எப்படிப் பார்ப்பது, வேலையோடு படித்தால் எங்கே சிக்கும், புராஜெக்ட்டை எதில் செய்வது? விவரம் தெரிந்தவர்கள் நிதானமாக எழுதுங்கள். "நல்ல படிப்புதான், படிக்கலாம்" என்ற அளவில் பதில் வேண்டாம்.

---

கல்லுக்கட்டி எழுதியது:

தம்பி, எந்தக் கல்லூரி என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தச் சான்றிதழை எந்த மேசையில் கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள்? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

குரூப் 1, குரூப் 2 எழுதுவதற்கு ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும். எம்.ஏ. அங்கே தகுதியைக் கூட்டாது. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடமாக இருக்கிறது. இரண்டு தாள், தாளுக்கு 250, மொத்தம் 500 மதிப்பெண். அதற்குப் படிப்பு உதவும், பட்டம் தேவையில்லை. கல்லூரி ஆசிரியர் ஆவதென்றால் கதை வேறு: முதுகலையில் 55 சதவீதம் வேண்டும் (ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50), அதன் மேல் நெட் அல்லது செட் (தேசிய, மாநில அளவிலான கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்). நெட்டில் பொது நிர்வாகம் தனிப் பாடம், குறியீட்டு எண் 14.

கலை, அறிவியல் பட்டதாரிகள் பலர் கவனிக்காத வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம், இரண்டு வருஷம். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்காரர்கள் இளநிலையில் முதல் வகுப்போடு வரலாம். பி.ஏ., பி.எஸ்ஸி. படித்தவர்கள் முதுகலையில் முதல் வகுப்பு வைத்திருக்க வேண்டும். வயது 22 முதல் 30, பிரிவுக்கு ஏற்ற தளர்வு உண்டு. அதைக் குறிவைப்பவருக்கு எம்.ஏ. கதவைத் திறக்கிற சாவி. முதல் வகுப்பு கைவிட்டுப் போனால் அந்தக் கதவு இல்லை.

ஏற்கனவே வேலையில் இருப்பவருக்குப் பதவி உயர்வு அந்தந்தப் பணி விதிகளின்படிதான். எம்.ஏ. முடித்ததும் ஊக்க ஊதிய உயர்வு வரும் என்று இன்னமும் நம்பிச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள். மாநில அரசுப் பணியில் உயர்கல்விக்கான முன்ஊதிய உயர்வுகளை 2020 மார்ச் அரசாணையிலேயே நிறுத்திவிட்டார்கள். சம்பளக் கணக்குப் போட்டுச் சேருகிறவர் ஏமாந்துபோவார். வேலையை இன்னும் நன்றாகச் செய்ய, அடுத்த பொறுப்புக்குத் தயாராக, துறை மாறப் படிக்கிறவருக்கு நிச்சயம் பலன் இருக்கிறது.

---

செக்காலை ரோடு எழுதியது:

நன்றி அண்ணே. தொலைநிலைப் பட்டம் செல்லாது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ஸ்டடி சென்டர்' பலகைகளும் நிறைய. எதை நம்புவது?

---

கல்லுக்கட்டி எழுதியது:

பலகையை நம்ப வேண்டாம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) தொலைநிலைக் கல்வி வாரிய இணையதளத்தில் பல்கலைக்கழகம், பாடத்திட்டம், சேர்க்கைப் பருவம் மூன்றும் ஒரே வரியில் இருக்கிறதா பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தும் குறிப்பிட்ட பாடத்துக்கு அந்தப் பருவத்தில் இல்லாமல் போகலாம். சான்றிதழ் சிக்கலில் மாட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வழுக்குகிற இடம் இதுதான். போன வருஷம் இருந்தது என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சி ஆகாது. சேருகிற அன்றைக்கே அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து ஃபைலில் வையுங்கள். ஏழெட்டு வருஷம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு கேள்வி வந்தால் அந்த ஒரு தாள் பேசும்.

முறையாக அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்பது 2020ஆம் ஆண்டு யு.ஜி.சி. ஒழுங்குமுறையில் இருக்கிறது, 2022 செப்டம்பரில் மறுபடியும் அறிவித்தார்கள். ஆகவே 'தொலைநிலையே செல்லாது' என்ற பேச்சு தப்பு. எது செல்லாது என்றால், பள்ளிப் படிப்பு, இளநிலை இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய முதுகலை. 10, 12, பட்டம் என்ற வரிசை இல்லாதது அரசு வேலைக்குச் செல்லாது. 2009ஆம் ஆண்டின் அரசாணை 107 அதைத்தான் சொல்கிறது.

பணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். நடுவில் ஒருத்தர் கையில் ரொக்கமாகக் கொடுத்து, அவர் அச்சடித்த ரசீதோடு திரும்புவது கூடவே கூடாது. உரிமம் கொடுத்து வெளியாரை நடத்தவிடுவதற்கு ஒழுங்குமுறையில் இடமே இல்லை.

இன்னொன்று: 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து தொலைநிலை, இணையவழிச் சேர்க்கைக்கு டெப் ஐ.டி. (அந்த வாரியத்தின் தளத்தில் எடுக்கிற மாணவர் அடையாள எண்) கட்டாயம். அதற்கு முன்னால் ஏ.பி.சி. எண் (படித்த பாடங்களின் மதிப்பலகுகளைச் சேர்த்துவைக்கிற கணக்கு எண்) வேண்டும், அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரோடு சேர்ந்தது. நம்ம ஊர்ப் பேர்கள் இங்கேதான் மாட்டும். மார்க் ஷீட்டில் 'எஸ்.பி.எல்.' என்று மூன்று இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசாக, பான் கார்டில் பேர் முன்பின்னாக இருக்கும். விண்ணப்பத்துக்குக் கடைசி வாரத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. இரண்டு மாதம் முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒத்துப்போக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

கல்லுக்கட்டி அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இப்போதுதான் பட்டம் முடித்த பிள்ளைகளிடம் "தொலைநிலை செல்லும், சேர்ந்துக்கோ" என்று முடித்துவிடக் கூடாது. செல்லுபடியாகிறது என்பதும் கற்றுக்கொள்கிறோம் என்பதும் இரண்டு விஷயம். இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கு ஃபைல் எப்படி நகரும், ஒரு குறிப்பு எப்படி எழுதுவது, ஒரு கூட்டத்தில் யார் எதை எதற்காகச் சொல்கிறார்கள் என்ற அனுபவம் கிடையாது. அனுபவமில்லாமல் ஹெர்பர்ட் சைமனின் 'வரம்புக்குட்பட்ட பகுத்தறிவு' (முழுத் தகவலும் நேரமும் இல்லாமல்தான் மனிதர்கள் முடிவெடுக்கிறார்கள் என்ற கோட்பாடு) படித்தால் அது மனப்பாடப் பத்தி, அவ்வளவுதான். வகுப்பில் விவாதிக்கும்போதும், களப்பணிக்கு அனுப்பும்போதும்தான் அது உறைக்கும்.

ரெகுலராகப் படிக்க நினைக்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை, நமக்குக் கிட்டத்தில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் மற்றும் வளர்ச்சி நிர்வாகத் துறை. காந்திகிராமத்தின் பலமே கிராமங்களோடு ஒட்டி வேலை செய்கிற பழக்கம். உள்ளாட்சியில் ஈடுபாடு இருக்கிற பிள்ளைக்கு அதை முதலில் சொல்வேன். வெளி மாநிலம் போக முடிந்தால் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் பொதுக் கொள்கை முதுகலை இருக்கிறது, 2014இல் தொடங்கியது. அங்கே சட்டமும் கொள்கையும் சேர்ந்து வரும், படிப்பு கனமாக இருக்கும்.

வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோவும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும். இக்னோவில் பயிற்று மொழி ஆங்கிலம், இந்தி. தமிழில் படித்து எழுத வேண்டும் என்றால் திறந்தநிலைப் பல்கலை பக்கம் போங்கள். நம்ம மாவட்டத்துக்கு இக்னோ வட்டார மையம் மதுரை.

இக்னோவில் மதிப்பெண் கணக்கு இப்படி: அசைன்மென்ட் 30 சதவீதம், பருவத் தேர்வு 70 சதவீதம். இரண்டிலும் தனித்தனியாக 40 எடுத்தால் தேர்ச்சி. 40இல் பாஸ் ஆகிறதே என்று நிதானமாகப் படித்து 52 சதவீதத்தில் பட்டம் வாங்கிவிட்டால், பின்னால் நெட் எழுத ஆசை வரும்போது பொதுப்பிரிவுக்காரருக்கு வழி அடைத்துப்போகும். முதல் அசைன்மென்ட்டிலிருந்தே 60க்கு மேல் குறிவைக்க வேண்டும். அசைன்மென்ட்டில் 75 எடுத்தவருக்குத் தேர்வில் 54 வந்தாலே மொத்தம் 60ஐத் தாண்டிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75இல் 30 சதவீதம் 22.5, 54இல் 70 சதவீதம் 37.8, ஆக 60.3. அசைன்மென்ட்டை ஏனோதானோ என்று எழுதுகிறவர் கையில் இருக்கிற மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்.

அசைன்மென்ட் திரும்பி வருவதற்குக் காரணங்களும் வழக்கமானவைதான். பழைய பருவத்தின் கேள்வித்தாளை எடுத்து எழுதுவது. கையால் எழுதச் சொன்னதை டைப் செய்து அனுப்புவது. கடையில் விற்கிற 'ரெடிமேட்' விடையை அப்படியே நகல் எடுப்பது. முதல் பக்கத்தில் பதிவெண், பாடக் குறியீடு விட்டுப்போவது. கேள்வி 'விமர்சன நோக்கில் ஆராய்க' என்றால் ஒரு பக்கம் கோட்பாடு, ஒரு பக்கம் அதன் குறை, அரைப் பக்கம் இங்குள்ள உதாரணம் என்று பிரித்து எழுதினால் நிற்கும். ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபரின் அதிகாரவர்க்கக் கோட்பாட்டைப் பற்றி எட்டுப் பக்கம் புகழ்ந்துவிட்டு வருவது விமர்சனம் ஆகாது.

---

திருமயம் பக்கம் எழுதியது:

ரஸ்தா அக்கா, ஒரு வேலையும் ஒரு ரெகுலர் படிப்பும் ஒரே நேரத்தில் முடியாதா? ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று வந்ததே?

---

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

அது வேறு தம்பி. 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. சொன்னது, ஒரு ரெகுலர் பட்டத்தோடு ஒரு தொலைநிலைப் பட்டமோ, நேரம் மோதாத இரண்டு ரெகுலர் பட்டமோ படிக்கலாம் என்பது. எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பிள்ளை கூடவே தொலைநிலையில் பொது நிர்வாகம் படிக்க அது உதவும். முழுநேர வேலையில் இருந்துகொண்டு முழுநேர ரெகுலர் படிப்பில் வருகைப்பதிவு காட்டினால், இரண்டு பதிவேட்டிலும் ஒரே நாளில் ஒரே ஆள் இருப்பார். சரிபார்ப்பில் அது பெரிய குற்றச்சாட்டாகத் திரும்பும். அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

---

கல்லுக்கட்டி எழுதியது:

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், புதிதாக முடித்தவர் முடிந்தால் ரெகுலரே போகட்டும். ஆனால் வீட்டுச் சூழ்நிலை விடாத பிள்ளைகள் நம்ம பக்கத்தில் அதிகம். அவர்கள் தொலைநிலையில் சேர்ந்து, களத்தை வேறு வழியில் தேடிக்கொள்ளலாம். கிராம சபைக்குப் போய் உட்காருவதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. வருஷத்துக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, முன் அனுமதி. சேர்ந்த பிறகு கேட்பது, முடித்த பிறகு கேட்பது எல்லாம் தலைவலி. விண்ணப்பத்தில் பல்கலைக்கழகம், பாடம், முறை, காலம், அலுவலக நேரத்துக்குப் பாதிப்பு வராது என்ற உறுதி, இவ்வளவும் இருக்க வேண்டும். அனுமதி ஆணையின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பட்டம் வாங்கி எஸ்.ஆரில் (பணிப்பதிவேட்டில்) பதியச் சொல்லும்போது முதலில் கேட்பது அதைத்தான். மத்திய அரசுப் பணியாளர் முழுநேரமாகப் படிக்கப் போனால் படிப்பு விடுப்பு உண்டு: ஐந்து வருஷம் பணி முடித்திருக்க வேண்டும், ஒரு தடவைக்குப் பொதுவாக 12 மாதம், பணிக்காலம் முழுவதற்கும் 24 மாதம். திரும்பி வந்து மூன்று வருஷத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்குப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். மூத்த அதிகாரிகளுக்கு டெல்லி இந்தியப் பொது நிர்வாக நிறுவனத்தில் பத்து மாதப் படிப்பு 1975 முதல் நடக்கிறது. அதற்கு அரசே பெயர் அனுப்ப வேண்டும்.

இரண்டு, காலண்டர். இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். வருவாய்த்துறையில் இருப்பவருக்கு மே, ஜூனில் ஜமாபந்தி (வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கை). அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வெள்ள நிவாரண வேலை. ஒன்றிய அலுவலகத்தில் மார்ச் மாதம் பில் முடிக்கிற நெருக்கடி. தேர்தல் வந்தால் எல்லாருக்கும் எல்லாமும் நின்றுவிடும். ஆகவே ஒரே வருஷத்தில் எல்லாப் பாடத்தையும் எழுதித் தள்ளப் பார்க்காதீர்கள். குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் நான்கு வருஷம் கொடுத்திருக்கிறார்கள். வருவாய்த்துறைக்காரர் ஜூனில் ஒன்றிரண்டு தாள் மட்டும் வைத்துக்கொண்டு, டிசம்பரில் மழை எப்படி என்று பார்த்து மூன்று நான்கு எழுதலாம். ஒரு தாளுக்கு வாரம் ஐந்து மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் அந்தத் தாளை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள்.

இரண்டாம் வருஷத்துக்கு மறுபதிவு தனி, தேர்வு விண்ணப்பம் தனி. "ஃபீஸ் கட்டியாச்சே" என்று இருந்துவிட்டு ஹால் டிக்கெட் வராமல் நிற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்தவர்கள்.

---

ஊரணிக்கரை எழுதியது:

எல்லாரும் சேர்க்கை, தேர்வு பற்றிச் சொல்லிவிட்டீர்கள். என் அக்கறை புராஜெக்ட். இந்தப் படிப்பில் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலோர் வீணடிக்கிறார்கள். "சாக்கோட்டை ஒன்றியத்தில் அரசுத் திட்டங்கள் குறித்த விழிப்புணர்வு, ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்து, நூறு பேரிடம் "தெரியுமா? ஆம் / இல்லை" என்று டிக் போட்டு, இருபது அட்டவணை போட்டு, "விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்" என்று முடிப்பது. அதைப் படிக்கிற எந்த அதிகாரிக்கும் அதிலிருந்து ஒரு முடிவு எடுக்க முடியாது.

மாற்றாக ஒன்றைச் சொல்கிறேன், முழுசாகவே சொல்கிறேன். 15ஆவது நிதிக்குழு மானியம் 2021 முதல் 2026 வரை. அதில் 60 சதவீதம் கட்டுப்பட்ட நிதி: பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மிச்சம் 40 சதவீதம் கட்டற்ற நிதி. உள்ளூர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் கூடாது. செட்டிநாட்டு ஊர்களில் கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் வாய்க்காலில் ஓடி ஊரணிக்கு (ஊர்க் குளத்துக்கு) போய், ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகிற அமைப்பு. அப்படியானால் வரத்துக்கால் (தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்) சீரமைப்பு மழைநீர் சேகரிப்பில் வரும், கட்டுப்பட்ட நிதியிலேயே செய்யலாம். எத்தனை ஊராட்சிகள் செய்தன? எத்தனை ஊராட்சிகள் அதே நிதியில் பைப்பும் மோட்டாரும் மட்டும் வாங்கின? ஏன்? இது ஆய்வுக் கேள்வி.

சிவகங்கை மாவட்டத்தில் 12 ஒன்றியம், நானூற்றுக்கும் மேல் ஊராட்சி. எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். சாக்கோட்டையில் இரண்டு, கல்லலில் இரண்டு, புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில் இரண்டு, ஆக ஆறு ஊராட்சி போதும். ஒரே மாதிரி ஊர்கள், ஆனால் இரண்டு மாவட்ட நிர்வாகம், ஒப்பிட வசதி.

இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் (ஊராட்சித் திட்டம், கணக்குகளுக்கான மத்திய அரசு இணையதளம்) மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருஷம் தேர்வு செய்து, ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் இறக்குங்கள். எக்செல்லில் ஒரு வேலைக்கு ஒரு வரி: ஊராட்சி, வருஷம், வேலையின் பெயர், வகை, கட்டுப்பட்டதா கட்டற்றதா, திட்டத் தொகை, செலவான தொகை, முடிந்த தேதி. ஐந்து வருஷம் ஆறு ஊராட்சிக்கு இப்படி வரிசை போட்ட பிறகு பிவட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) போட்டால் படம் தெரியும்.

எங்கே தப்பு வரும் என்று சொல்கிறேன். ஒரே ஊரணிக்கு மூன்று பெயர் இருக்கும்: செட்டியூரணி, கோயில் ஊரணி, வெறும் 'ஊரணி'. சர்வே எண்ணை வைத்துத்தான் ஒன்றென்று உறுதி செய்ய முடியும். திட்டத்தில் இருக்கிற தொகையைச் செலவு என்று எழுதிவிடுவார்கள். அது ஆசைத் தொகை, வவுச்சர் தொகைதான் செலவு. முந்தின வருஷத்து வேலைக்கு இந்த வருஷம் பணம் போயிருக்கும், அதை இரண்டு தடவை கூட்டிவிடுவார்கள். வீட்டுவரி வருமானம், மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் அந்தத் தளத்திலேயே முழுசாகக் கிடைக்கும் என்று நினைத்து, ஊராட்சியின் மொத்தச் செலவே அவ்வளவுதான் என்று எழுதிவிடுவது பெரிய தப்பு. நம்ம மாநிலத்தில் ஊராட்சிக்கு முதல் கணக்கு பொது நிதி, இரண்டாவது கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும், மூன்றாவது திட்ட நிதி. அந்த ரொக்கப் புத்தகங்களை ஊராட்சி அலுவலகத்தில்தான் பார்க்க வேண்டும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்துப் பழகின வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமே இல்லை. எந்தப் பற்று எந்த வரவுக்கு நேர் என்று பிடிக்கிற அதே வேலைதான்.

அதற்கும் முன்னால், ஊரணி யாருடையது என்று பார்க்க வேண்டும். அ-பதிவேட்டை (நிலம் யார் பெயரில், என்ன வகை என்று காட்டும் வருவாய்ப் பதிவேடு) அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண் கொடுத்துப் பார்க்கலாம். புறம்போக்கா, கோயில் பெயரா, தனியார் பெயரா? ஒரு குடும்ப அறக்கட்டளையின் பெயரில் இருந்தால் ஊராட்சி அங்கே செலவழிக்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தை 'அக்கறையின்மை' என்று எழுதினால் ஆய்வே தப்பாகிவிடும். மக்கள் கண்ணுக்கு அலட்சியமாகத் தெரிவதில் பாதி, பட்டாவில் இருக்கிற சிக்கல்தான்.

---

செக்காலை ரோடு எழுதியது:

ஊரணிக்கரை அண்ணே, இப்படி யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நகர்ப்புறத்தில் செய்ய நினைப்பவருக்கு இதே மாதிரி ஒன்று?

---

ஊரணிக்கரை எழுதியது:

காரைக்குடியே இருக்கிறதே. 1928இல் நகராட்சி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சி. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் சேர்ந்தன. சேர்ந்த ஊராட்சிப் பகுதியில் ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடும், சொத்துவரி விதிக்கும் அலகு மாறும், தெருவிளக்குப் புகாரைச் சொல்கிற இடம் மாறும், கிராம சபை இருந்த இடத்தில் வார்டு கமிட்டி, பகுதி சபை வரும். ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, இணைப்புக்கு முன் இரண்டு வருஷம், பின் இரண்டு வருஷம் இந்த நான்கையும் மட்டும் அளந்தால் போதும். ஊர் பூராவையும் அளக்க ஆசைப்பட்டால் ஒன்றும் முடியாது.

ஊரகத்தில் இன்னொரு தலைப்பு: 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இருந்தபோதும் தனி அலுவலர் இருந்தபோதும் கிராம சபை வருகையும் தீர்மானங்களும் எப்படி மாறின? வருகையை வெறும் எண்ணாக எழுதாதீர்கள், குறைவெண்ணோடு (சபை நடக்க வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்களோடு) ஒப்பிடுங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. 120 பேர் வந்த சபை ஓர் ஊரில் நிறைவு, இன்னோர் ஊரில் குறைவு.

---

கண்டனூர் வடக்கு எழுதியது:

வெளிநாட்டுப் பக்கம் கேட்கிறவர்களுக்கு. நம்ம ஆட்களுக்குச் சிங்கப்பூர் முதலில் ஞாபகம் வரும், இந்தப் படிப்பில் அது நல்ல ஞாபகம்தான். லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2004இல் தொடங்கியது. புதிதாக முடித்தவருக்குப் பொதுக் கொள்கை முதுகலை, இரண்டு வருஷம். வேலை பார்த்தவருக்குப் பொது நிர்வாக முதுகலை, ஒரு வருஷம். குறைந்தது ஐந்து வருஷ அனுபவம் கேட்கிறார்கள். ஹார்வர்டு கென்னடி பள்ளியின் நடுப்பணிக்கால ஓராண்டுப் படிப்புக்கு ஏழு வருஷ முழுநேர அனுபவம். இந்தப் படிப்பின் அமெரிக்கத் தொடக்கம் சிராக்யூஸ் மேக்ஸ்வெல் பள்ளியில், 1924இல்.

செலவு பெரிது, உதவித்தொகை இல்லாமல் போகச் சொல்ல மாட்டேன். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை: 2,800 மணி நேர வேலை அனுபவம், படிப்பு முடிந்து இரண்டு வருஷம் நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட்–நேரு முதுகலை உதவித்தொகையில் பொது நிர்வாகம் ஒரு துறையாக வந்திருக்கிறது. மூன்று வருஷ அனுபவம் வேண்டும். அதில் மூன்று வருஷ பி.ஏ., பி.எஸ்ஸி. மட்டும் இருந்தால் போதாது, மேலே ஒரு முதுகலையோ முழுநேர முதுநிலைப் பட்டயமோ கேட்பார்கள். இங்கே எம்.ஏ. முடித்துவிட்டு விண்ணப்பிக்கிறவருக்கு இது ஒரு தடையும் இல்லை. கல்விக்கடன் வாங்கினால் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரியில் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்.

நோக்க அறிக்கையில் பதவிப் பெயர்களை அடுக்காதீர்கள். "கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் தள்ளுபடிப் பட்டியலில் தகுதியில்லாதவர்களை எந்தப் பதிவேட்டை வைத்துப் பிரித்தோம், எந்த வகையில் பிரிக்க முடியவில்லை" என்று ஒரு விஷயத்தை உரித்து எழுதுங்கள். தேர்வுக் குழுவுக்கு அதில்தான் ஆள் தெரியும். எண்ணியல் பாடம்தான் நடுவயதில் போகிறவர்களைத் தள்ளாட வைக்கிறது. போவதற்கு ஆறு மாதம் முன்பே சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு (கோரிலேஷன்), எளிய தொடர்புப்போக்கு (ரிக்ரஷன்), நுண்பொருளியலில் தேவை–அளிப்பு, புறவிளைவு (ஒருவர் செயல் மூன்றாம் ஆளைப் பாதிப்பது) இவ்வளவையும் ஸ்வயம் தளத்தில் இலவசமாகப் படித்துவிடுங்கள்.

---

திருமயம் பக்கம் எழுதியது:

கடைசியாக ஒன்று. புராஜெக்ட்டுக்கு ஊராட்சிக் கணக்கைப் பார்க்கக் கேட்டால் "மேலிடத்தில் கேளுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். தகவல் உரிமை மனு போடலாமா?

---

ஊரணிக்கரை எழுதியது:

போடலாம், ஆனால் அது இரண்டாவது வழி. முதலில் வழிகாட்டி ஆசிரியரின் கடிதத்தோடு வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்த்து, எந்த ஊராட்சி, எந்தப் பதிவேடு, எந்த வருஷம் என்று எழுதிக் கொடுங்கள். ஊராட்சிச் செயலருக்கு அங்கிருந்து ஒரு வார்த்தை போனால் பாதி கதவு திறக்கும். மார்ச்சில் போகாதீர்கள்.

மனு போடுவதானால் ஆய்வுச் சுருக்கம் (சினாப்சிஸ்) ஒப்புதல் ஆன வாரத்திலேயே போடுங்கள். பதில் வர 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம், அதன் முடிவுக்கு இன்னும் ஒரு மாதம் என்று வைத்தால் மூன்று மாதம் போய்விடும். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, கருத்துக் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. "2021-22 முதல் 2025-26 வரை இன்ன ஊராட்சியில் 15ஆவது நிதிக்குழுக் கட்டுப்பட்ட நிதியில் செய்த வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் நிர்வாக அனுமதி நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு ஊராட்சி. ஆறையும் ஒன்றில் சேர்த்தால், தொகுத்துத் தர ஆள் இல்லை என்று ஒரே கடிதத்தில் ஆறும் திரும்பிவிடும்.